பலகாரப் பொட்டலத்து உணரிக்கு என்ன பெயர்?

காரைக்குடியிலிருந்து, இழையைத் தொடங்கும் மடல்

சொல்லாக்கக் குழு அவையோருக்கு வணக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்திற்குக் கொடுக்க வேண்டிய ஒரு சிறு கையேடு, ஒரே ஒரு சொல்லுக்காக என் மேசையிலேயே கிடக்கிறது. செட்டிநாட்டுப் பலகாரம் செய்து வெளியூருக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் அனுப்பிவரும் பெண்களுக்கு எங்கள் கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி வைத்திருக்கிறோம். அதற்கான கையேடு இது. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், கைமுறுக்கு போன்றவை பெரும்பாலும் இரண்டு வழியில் கெடுகின்றன. ஒன்று, ஈரம் புகுந்து நமத்துப்போவது. மற்றொன்று, காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு வினைபுரிந்து காறல் வாடை வருவது. பொட்டலத்தைப் பிரிக்காமலேயே இவற்றைத் தெரிந்துகொள்ள உதவும் உணரிகளை (சென்சார்களை)ப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய பாலியெஸ்டர் படலத்திலோ காகிதத்திலோ வெள்ளி மையாலும் கரி மையாலும் மின்சுற்றை அச்சிடுகிறார்கள். அதன்மேல், ஈரத்தை உறிஞ்சினால் மின்தேக்குதிறன் மாறும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு சுருள் ஆன்டெனாவும் ஒரு சிறு சில்லும் (சிப்) இருக்கும். கைப்பேசியை அருகே கொண்டுபோனால், 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கைப்பேசி அனுப்பும் ஆற்றலையே வாங்கிக்கொண்டு அது தன் அளவீட்டைத் திருப்பிச் சொல்லும். தனியாக மின்கலம் வேண்டாம். பொட்டலம் எப்படி வளைந்தாலும் இதுவும் கூடவே வளையும். ஆங்கிலத்தில் இதைப் பிளெக்சிபிள் சென்சார் என்கிறார்கள்.

முதல் வரைவில் 'நெகிழ் உணரி' என்று எழுதி, வகுப்பில் வாசித்துக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "நெகிழிக்குத்தான் தடை போட்டாச்சே, அதை எதுக்குப் பொட்டலத்துக்குள்ள வைக்கச் சொல்றீக?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலத்தில் தடை வந்ததிலிருந்து 'நெகிழி' என்ற சொல் சுவரெங்கும் எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சொல் பரவியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 'நெகிழ்' என்ற வேர் இப்போது ஒரு பொருளின் பெயரிடம் அடகு கிடக்கிறது. மாற்றுச் சொல் வேண்டும். வியாழன் இரவுக்குள் வேண்டும்.

தேவகோட்டையார்

காரைக்குடியாருக்கு வணக்கம். அடகு வைத்ததை மீட்பதே தமிழாசிரியர் வேலை. ஓர் அம்மாள் கேட்ட கேள்விக்காக வேரையே விட்டுவிடலாகாது. உணர் என்பதோடு இகரம் சேர்ந்து உணரி ஆனதுபோலத்தான் நெகிழ் என்பதோடு இகரம் சேர்ந்து நெகிழி ஆயிற்று. அந்தப் பொருளின் இளகும் தன்மை பற்றி வந்த பெயர் அது. அதற்காக மற்ற இளகும் பொருள்கள் யாவும் அச்சொல்லைத் துறந்துவிட வேண்டுமா?

எனினும், நெகிழ்தல் இங்கே பொருந்தாது என்பதற்கு வேறொரு காரணம் உண்டு. நெகிழ்தல் என்பது தளர்தல், இளகுதல், கழலுதல். சங்கத் தலைவியின் கைவளை நெகிழும். அது வளைகிறது என்று பொருளன்று, கழன்று விழுகிறது என்று பொருள். முறியாமல் வளைந்தாடுவதற்கு நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது: நுடங்குதல். மதுரையை அகநானூறு 'கொடி நுடங்கு மறுகின் கூடல்' என்கிறது. துணியாலான கொடி காற்றில் வளைந்து நெளிந்து, மறுபடி தன் நிலைக்கு வருகிறதல்லவா, அந்த அசைவே நுடக்கம். கம்பனிடம் இடை நுடங்குவதைக் காரைக்குடிக்காரருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1939 முதல் கம்பன் விழா நடக்கும் ஊர் அது. ஆகவே 'நுடங்குணரி' என்று முன்மொழிகிறேன். ஓசையும் இனியது, வேறெந்தப் பொருளும் அதன்மேல் ஏறிக்கொள்ளவில்லை.

கோட்டையூரான், இப்போது பினாங்கில்

ஐயா, வேறெந்தப் பொருளும் ஏறவில்லை என்பது உண்மைதான்; அந்தப் பொருளே ஏறவில்லை என்பதும் உண்மை. உங்கள் சொல்லை என் கைப்பேசியில் தட்டினேன். அது தானாகவே 'முடங்குணரி' என்று திருத்திக்கொடுத்தது. முடங்கிப்போன உணரியை எந்த ஆச்சி காசு கொடுத்து வாங்குவார்?

நான் பொதியல் (பேக்கேஜிங்) தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இங்குள்ள தமிழ்த் தொழிலாளர்கள் 'சென்சார்' என்றுதான் சொல்கிறார்கள், காரைக்குடிப் பெண்களும் அப்படியே சொல்வார்கள். வடசொற்கிளவி வடவெழுத்து ஒரீஇ வரலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். ஆங்கிலச் சொல்லும் தன் எழுத்தை விட்டுவிட்டு 'சென்சார்' என்று நம் எழுத்தில்தானே வந்து நிற்கிறது? நம் முன்னோர் கடல்கடந்து தொழில் செய்தபோது சொல்லுக்குச் சுங்கம் வசூலிக்கவில்லை. மலாய் மொழியில் கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'மங்கு' நம் வீட்டுப் பரணிலெல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சரக்கு சேமிக்கும் 'கிட்டங்கி'யும் அப்படி வந்ததே.

தேவகோட்டையார்

கிட்டங்கி மலாய்ச் சொல் என்று சொன்னது யார்? 'கிடங்கு' தமிழ்ச் சொல். பள்ளமான இடம், அகழி, பொருள் சேமிக்கும் இடம் எனப் பொருள் விரிந்தது. இங்கிருந்து போனதை அங்கிருந்து வந்ததாகச் சொல்வது வட்டியை முதலென்று எழுதுவது போன்றது. கிட என்னும் அடியிலிருந்தே தொடங்குகிறேன்...

குழு நடத்துநர்

கிட்டங்கி பற்றி மேலும் வந்த ஆறு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே உணரியைப் பற்றி மட்டும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். வியாழனுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

காரைக்குடி

நன்றி. நுடங்குணரி அழகான சொல்தான். ஆனால் அதற்கு உரை எழுதக் கையேட்டில் எனக்கு இடமில்லை. மிக எளிமையாக 'வளையுணரி' என்று வைத்துக்கொண்டால் என்ன?

கோட்டையூரான்

அதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. வளைவை அளப்பதற்கென்றே ஓர் உணரி இருக்கிறது. கையுறையின் விரல் பகுதியில் அதைத் தைத்துவிட்டால், விரல் மடங்கும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்திலிருந்து மடங்கிய அளவைக் கணக்கிடுவார்கள். 'வளையுணரி' என்றால் அந்தக் கருவிதான் நினைவுக்கு வரும். நமக்கு வேண்டியதோ, தான் வளைந்தாலும் அந்த வளைவைப் பொருட்படுத்தாமல் ஈரத்தை மட்டும் அளக்கும் உணரி. சொல்லப்போனால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பொட்டலத்து உணரியை வடிவமைப்பவருக்கு உள்ள பெரிய தலைவலியே, பெட்டிக்குள் அமுக்கி வைக்கும்போது ஏற்படும் வளைவால் அளவீடு மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கண்டனூர் தமிழாசிரியை

கோட்டையூர் அண்ணன் தொழிற்சாலை வழியாகச் சொன்னதை நான் இலக்கணத்தின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை யாரும் இதைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வெப்ப உணரி, ஈர உணரி, புகை உணரி, ஒளி உணரி ஆகிய எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது உணரப்படும் பொருள். வெப்பத்தை உணர்வது வெப்ப உணரி. இரண்டாம் வேற்றுமைத் தொகை. தமிழ் படிப்பவரின் காது இந்த வரிசைக்குப் பழகிவிட்டது. எனவே 'உணரி' என்ற சொல்லுக்கு முன்னால் நாம் எதைக் கொண்டுபோய் வைத்தாலும், அது உணரப்படும் பொருளாகவே கேட்கும். நெகிழ் உணரி நெகிழ்வை உணர்வதாகவும், வளையுணரி வளைவை உணர்வதாகவும், ஐயா பொறுத்தருள வேண்டும், நுடங்குணரி நுடக்கத்தை உணர்வதாகவுமே பொருள்படும். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்று நன்னூல் சொல்வது சரி; ஆனால் இங்கே கரந்து நிற்பது காலம் மட்டுமன்று, இது வினைத்தொகையா வேற்றுமைத் தொகையா என்பதே கரந்து நிற்கிறது. மயக்கத்தை நீக்க வேண்டுமானால் தொகையை விரித்துவிடுவதே வழி. 'வளையும் உணரி' என்று பெயரெச்சத்தை வெளிப்படையாக வைத்துவிட்டால், வளைவது உணரிதான் என்பதில் ஐயம் வராது. இரண்டு எழுத்து கூடுகிறது, அவ்வளவுதான்.

தேவகோட்டையார்

ஆசிரியையின் கூர்மையை மெச்சுகிறேன். ஆனால் 'வளையும் உணரி' கலைச்சொல் அன்று, சொற்றொடர். ஊறுகாயை 'ஊறும் காய்' என்றும், சுடுமண்ணைச் 'சுட்ட மண்' என்றும் விரித்துக்கொண்டே போனால் சொல்லாக்கம் எதற்கு? இறுகி நிற்பதுதான் கலைச்சொல்.

முடங்குதல் பற்றிக் கோட்டையூரார் செய்த கேலிக்கும் ஒரு மறுமொழி. சிலப்பதிகாரத்தில் 'மண்ணுடை முடங்கல்' என்றொரு தொடர் வருகிறது. சுருட்டிய ஓலைமீது மண் அப்பி இலச்சினை இட்ட கடிதம் அது. இடையில் எவராவது பிரித்துப் பார்த்தால் மண் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டலம் பிரிக்கப்பட்டதா என்று தானே தெரிவிக்கும் பொதியலை இன்றைக்குத்தான் கண்டுபிடித்ததாக நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாக்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி; எழுதுவதில்லை. ஆனால் தானே தெரிவிக்கும் பொதியல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். 1996 முதல் அது வருகிறது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால், காலாவதித் தேதி எவ்வளவு தள்ளியிருந்தாலும் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். குளிர்பெட்டியைச் சுமந்து ஊர் ஊராகப் போன எங்களுக்கு அந்தச் சதுரம்தான் மேலதிகாரி. அதையும் உணரி என்று சொல்லலாமா? அதில் மின்சாரமும் இல்லை, கைப்பேசியும் வேண்டாம்.

கோட்டையூரான்

நல்ல கேள்வி, அக்கா. அதைப் பொதியல் துறையில் உணரியோடு சேர்ப்பதில்லை. வேதிமாற்றத்தால் நிறம் மாறிக் கண்ணுக்குக் காட்டுவது ஒன்று. அளந்து மின்குறியாகத் தருவது வேறொன்று. பள்ளி வேதியியலில் படித்த 'நிறங்காட்டி' முன்னதற்கு அப்படியே பொருந்தும். மீன் பொட்டலத்தில் வைக்கும் சங்குப்பூச் சாயத் தாளும் அந்த வகைதான்; மீன் கெடும்போது எழும் அமீன் ஆவிகளால் காரத்தன்மை ஏறி, நிறம் மாறும்.

தேவகோட்டையார்

இந்தப் பாகுபாட்டை வள்ளுவரே வைத்திருக்கிறார் என்பேன். 1157ஆம் குறள்:

துறைவன் துறந்தமை தூற்றாகொல் முன்கை
இறைஇறவா நின்ற வளை.

தலைவன் பிரிந்ததால் தலைவியின் கை மெலிகிறது. மணிக்கட்டைக் கடந்து கழலும் வளை அதை ஊருக்குத் தூற்றுகிறது. வளை தானாக எதையும் உணர்வதில்லை, உணர்த்துகிறது. எனவே அது உணரி அன்று, உணர்த்தி. நிறங்காட்டியை 'உணர்த்தி' என்று அழைக்கலாம். மேலும், 'வளை' என்றாலே நமக்கு இந்த வளைதான் நினைவுக்கு வர வேண்டுமேயன்றி...

கண்டனூர் தமிழாசிரியை

ஐயா, அந்தக் குறளை நான் இனிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மருந்துக் குப்பியின் சதுரமும் கூடவே வரப்போகிறது, அதற்கு நன்றி. ஆனால் 'நிறங்காட்டி' பாடநூலில் நிலைத்த சொல். அதை அசைக்க வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சிக்காக, பேரன் தட்டெழுதியது

என் ஆயாள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) பின்னுகிறவர். இந்த மடல்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். நுடங்கு என்ற இடத்தில் சிரித்தார்; வளையல் குறளை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அவர் சொன்னதை என்னால் இயன்றவரை எழுத்து நடையில் தருகிறேன்.

"வளைகிறது வேறு, மடங்குகிறது வேறு, நீளுகிறது வேறு. பனையோலை வளையும். நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மடக்கவும் செய்யலாம்; காய்ந்த ஓலையை மடக்கினால் கீறிவிடும். ஆனால் எந்த ஓலையும் இழுத்தால் நீளாது, கிழியும். நீங்கள் சொல்கிற அந்தச் சாமான் இழுத்தால் நீளுமா? நீளாதென்றால் அது ஓலைதான். பலகாரத்தை ஓலைக்கொட்டானில் வைத்துக் கொடுத்த ஊரில் அதற்கு வேறு பெயர் தேடுவானேன்? தெரிஞ்சுக்கிற ஓலைன்னு வையுங்க."

கோட்டையூரான்

ஆச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆகிறது.

ஆச்சி சொன்னது கணக்கிலும் சரியாக வருகிறது. ஒரு படலத்தை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் எவ்வளவு இழுபடும் என்பது, தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள படலத்தை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் இழுபடுவது நூற்றில் ஒரு பங்கு. ஒளிபுகும் மின்கடத்தியாகப் பூசும் சில ஆக்சைடுகள் அந்த ஒன்றிரண்டு விழுக்காட்டிலேயே விரிசல் விட்டுவிடும். தடிமனைப் பாதியாக்கினால் இழுபாடும் பாதியாகிவிடும். ஆகவே வளைதல் என்பது பெரிதும் மெலிவினால் வருவது. பொருள் மென்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 'நெகிழ்' என்ற சொல் மென்மையைச் சொல்கிறது, அதனால்தான் அது ஒட்டவில்லை. 'ஓலை' மெலிவைச் சொல்கிறது. சென்சார் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று வாதிட்ட நான் இதற்கு மட்டும் கட்சி மாறுகிறேன்.

கண்டனூர் தமிழாசிரியை

ஆச்சி சொன்னதைச் சொல்லாக்கினால் 'உணரோலை' என்று வரும். உணர் ஓலை, வினைத்தொகை. நான் முன்பு சொன்ன மயக்கம் இதில் இல்லை, ஏனென்றால் உணர்தல் முன்னால் வந்துவிட்டது. தேவகோட்டை ஐயா கேட்ட இறுக்கமும் இருக்கிறது.

தேவகோட்டையார்

அமைப்பில் குறை காணேன். பொருளில் காண்கிறேன். ஓலை என்றால் எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது. திருமண ஓலை, அரசன் ஓலை, எமன் ஓலை என்று அதற்கு ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. அன்றியும் இந்த வகை உணரிகள் நூலிழை வடிவிலும் வருகின்றன என்று படித்தேன்; துணியில் நெய்துவிடுகிறார்களாம். அதையும் ஓலை என்பீர்களா? ஓர் ஊர்க் கைத்தொழிலைக் கொண்டு ஒரு துறைக்கே பெயரிட முடியாது.

கோட்டையூரான்

எமன் ஓலை பொருத்தம்தானே, ஐயா? அது வந்துவிட்டால் மணகோலத்தின் காலம் முடிந்தது. ஆனால் நூலிழை பற்றி நீங்கள் சொல்வது சரியான மறுப்பு. என்னிடம் அதற்கு மறுமொழி இல்லை.

குழு நடத்துநர்

புதன்கிழமை இரவாகிவிட்டது. இதுவரை எழுதியவர்களில் 'வளையும் உணரி'க்கு ஐவர், 'உணரோலை'க்கு மூவர், 'நெகிழ் உணரி'யே இருக்கட்டும் என்போர் இருவர், 'நுடங்குணரி'க்கு ஒருவர். இருவர் இரண்டு சொல்லுக்கு வாக்களித்திருக்கிறார்கள். அதைக் கேட்டு மேலும் மடல் எழுத எனக்குத் தெம்பில்லை. 'ஸ்மார்ட்' என்பதைத் திறன்பேசியைப் பின்பற்றித் 'திறன்' என்று வைப்பதா, சீர்மிகு நகரத்தைப் பின்பற்றிச் 'சீர்மிகு' என்று வைப்பதா என்று தொடங்கிய துணை விவாதத்தையும் நிறுத்திவைக்கிறேன்.

காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. நான் செய்திருப்பது இதுதான். தலைப்பிலும் விளக்கப் பகுதியிலும் 'வளையும் உணரி' என்று எழுதியிருக்கிறேன். அது படித்தவுடன் விளங்குகிறது, பிழையான பொருளும் தரவில்லை. பொட்டலத்தின் உட்புறம் ஒட்டும் அந்தத் துண்டை மட்டும் 11ஆம் பக்கத்தில் 'உணரோலை' என்று குறித்திருக்கிறேன். நூலிழைக்கு அது பொருந்தாது என்பதை ஏற்றுக்கொண்டு, ஒட்டும் துண்டுக்கு மட்டுமே என்று வரையறுத்துவிட்டேன். இரண்டு வண்ணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நிறங்காட்டி. பொதியலுக்குப் 'பொட்டலம்' என்றே விட்டுவிட்டேன், பயிற்சிக்கு வருகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரியபுராணத்துப் பொதிசோற்றைச் சுட்டிப் 'பொதி' என்று எழுதச் சொன்ன தேவகோட்டை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். நாளைக் காலையில் அச்சகத்திற்குப் போகிறது.

தேவகோட்டையார்

போகட்டும். தொடரைக் கலைச்சொல்லென்று நான் ஏற்றுக்கொண்டதாகக் குழுவின் சொற்பட்டியலில் பதிய வேண்டாம். என் பெயருக்கு நேரே நுடங்குணரி என்றே இருக்கட்டும். இழுத்தால் நீளும் உணரி ஒன்று நாளை உங்கள் பயிற்சிக்கு வரும்; அப்போது அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று பார்க்கத்தான் போகிறேன்.

பள்ளத்தூர், பேரன்

மெய்ப்புப் படியை ஆயாளிடம் காட்டினேன். 11ஆம் பக்கத்தில் ஒரு கால் விடுபட்டு 'உணரேலை' என்று அச்சாகியிருக்கிறது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

காரைக்குடி

அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மாற்றிவிடுவார்கள்.